நான்கு சக்கரமும் சுற்றினால் மட்டும் ஆறு தாண்டிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஐஸ்லாந்துப் பயணக் கட்டுரையில், தெற்குக் கரையிலிருந்து தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் எஃப் 249 பாதையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாடகைக்குக் கிடைக்கும் எந்த ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இயங்கும்) வண்டியும் போதும், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று அதில் ஒரு வரி. மேலே ஒரு படம்: இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரித்தாற்போலத் தெறிக்க, ஒரு சிறிய ஜீப் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. வரி தவறு. படம் அதைவிடத் தவறு. கோடை விடுமுறைக்கு அங்கே போய் வண்டி எடுத்து ஓட்டும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய இருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பாதை. ஒன்றாம் எண் வட்டச் சாலையில் மார்கர்ஃபிளியோட் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் 249 பிரிகிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவியைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து சரளை தொடங்கும். ஸ்டோரா மோர்க் பண்ணைக்கு அப்பால் எண்ணுக்கு முன்னால் 'எஃப்' சேர்ந்துகொள்ளும். அந்த எழுத்து இருந்தால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மட்டுமே அனுமதி என்பது அந்நாட்டுச் சட்டம். பிரதான சாலையிலிருந்து பள்ளத்தாக்கு வரை மொத்தமே ஏறத்தாழ 30 கி.மீ. செங்குத்தான ஏற்றம் கிடையாது, சேறு கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. கொல்லிமலை ஏறியவருக்கு இது ஒரு பாதையாகவே தெரியாது. சிரமம் முழுவதும் தண்ணீரில்தான். கால் நனையாமல் தாண்டும் ஓடைகள் வரிசையாக வரும். அவற்றுக்குப் பிறகு கீக்யோகுட்ல் என்ற, மலையிலிருந்து நாக்குபோல் கீழே நீளும் பனிக்கட்டியிலிருந்து வரும் ஆறு, பிறகு ஸ்டெய்ன்ஹோல்ட்ஸாவ், க்வன்னாவ், எல்லாவற்றுக்கும் பெரியதாக க்ரோஸ்ஸாவ். (அந்த மொழியில் ஆற்றுப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஆவ்' என்பதற்கே ஆறு என்றுதான் பொருள். 'க்ரோஸ்ஸாவ் ஆறு' என்று எழுதினால் 'நடுசென்டர்' கதைதான்.)

கட்டுரை தவறவிட்ட முக்கியமான விஷயம், தோர்ஸ்மோர்க் என்று பொதுவாகச் சொல்லும் இடத்தில் போய்ச் சேரும் இடங்கள் மூன்று உண்டு என்பது. பாவ்சார் க்ரோஸ்ஸாவின் தென்கரையில் இருக்கிறது. அங்கே போக க்ரோஸ்ஸாவில் இறங்க வேண்டியதில்லை, ஆனால் ஸ்டெய்ன்ஹோல்ட்ஸாவும் க்வன்னாவும் குறுக்கே வரும். ஹூசதாலுர், லவுங்கிதாலுர் இரண்டும் வடகரையில். வண்டியோடு போவதானால் க்ரோஸ்ஸாவைத் தாண்டியே ஆக வேண்டும். 'தோர்ஸ்மோர்க்குக்கு ஜிம்னியில் (சுஸுகியின் சிறிய ஜீப்) போய் வந்தேன்' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் அந்தப் பேச்சை நம்பக் கூடாது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறோம். தண்ணீர் அப்படித் தெறிக்க வேண்டுமானால் வண்டி குறைந்தது 25, 30 கி.மீ. வேகத்தில் ஆற்றில் பாய்ந்திருக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு வேர் நம் ஊரிலேயே இருக்கிறது. மழைக்காலச் சென்னையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும், சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டு பாய்கிறார். சைலன்சர் முழுகினாலும், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் புகை முழங்கால் ஆழத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். வண்டியைக் கொல்வது பின்னால் இருக்கும் ஓட்டை இல்லை. முன்னால் காற்று இழுக்கும் ஓட்டை. பெரும்பாலான கார்களில் அது முகப்பு விளக்குக்குப் பின்னாலோ, கிரில்லின் மேல் விளிம்பிலோ இருக்கும். வேகமாகப் பாய்ந்தால் பானெட்டுக்கு மேல் எழும் தண்ணீர் நேரே அந்த வாயில் போய் விழும்.

விழுந்தால் என்ன ஆகும்? நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் டீசல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 500 மில்லி. அழுத்த விகிதம் (உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 16 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. காற்று அந்த இடத்துக்குள் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. ஆகவே இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றே கூடுதலான தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பே சுவரில் மோதியதுபோல் நிற்கும். பிஸ்டனுக்குக் கீழே சுழன்று வரும் கிராங்க் தண்டு நிற்காது. நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராட் வளையும், சில நேரம் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் ஓரிரு ஸ்பூன் கூடுதலாகத் தாங்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே வண்டி எடுக்கும்போது கேட்க வேண்டியது 'ஃபோர் பை ஃபோரா?' என்று அல்ல. எத்தனை ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவைக் கேட்க வேண்டும். சுஸுகி ஜிம்னிக்கு அது 300 மி.மீ. அதன் 15 அங்குலச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து விட்டம் 69 செ.மீ. வரும், அச்சு மையம் தரையிலிருந்து சுமார் 35 செ.மீ. அதாவது சக்கரத்தின் நட்டநடு நனையும் முன்பே ஜிம்னியின் எல்லை முடிந்துவிடுகிறது. லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) உண்டு, ஏணி வடிவ அடிச்சட்டகம் உண்டு, மலையில் ஆடுபோல ஏறும். ஆனால் ஆறு வேறு பாடம். டஸ்டர் போன்ற வண்டிகளுக்கு லோ ரேஞ்சும் கிடையாது. லாண்ட் குரூஸர் பிராடோ 150 வரிசைக்கு 700 மி.மீ. நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான மஹிந்திரா தாருக்கு 650. தாரை ஓட்டிய தைரியத்தில் அங்கே ஜிம்னியை ஆற்றில் இறக்குபவர், தெரியாமலே பாதிக்கும் குறைந்த அளவுள்ள வண்டியில் இறங்குகிறார்.

அந்த எண்ணும் தேங்கி நிற்கும் தண்ணீருக்கான எண் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஓடும் தண்ணீர், அது வந்து மோதும் பக்கத்தில் வண்டியின்மேல் ஏறி நிற்கும். விநாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் சுமார் 20 செ.மீ. ஏறும், 3 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 45 செ.மீ. ஆக, அளந்து பார்த்து அரை மீட்டர் என்று நினைத்து இறங்கிய ஆறு, கதவில் முக்கால் மீட்டராக நிற்கும். வேகத்தை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். கரையோரமாகப் பத்து மீட்டரை நடந்து அளந்துகொண்டு ஒரு குச்சியை எறிந்து எண்ணுங்கள். ஐந்து விநாடியில் அந்தப் பத்து மீட்டரைக் கடந்தால் விநாடிக்கு 2 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

மிதப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிம்னியின் அடித்தளம் சுமார் 5.5 சதுர மீட்டர். சக்கரக் குழிகளைக் கழித்தாலும், தண்ணீர் அடித்தளத்தைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறத்தாழ 500 கிலோ தூக்குவிசை வருகிறது. வண்டியின் எடையே 1,100 கிலோ. கதவு இடுக்கில் தண்ணீர் கசிந்து உள்ளே நிறைவதற்குள் சக்கரம் தரையில் அழுந்தும் பிடி போய்விடும். பிடி போன பிறகு நான்கு சக்கரமும் சுற்றினாலென்ன, நாற்பது சக்கரம் சுற்றினாலென்ன?

இனி ஆறு. இவை மழையால் மட்டும் பெருகும் ஆறுகள் அல்ல. க்ரோஸ்ஸாவ் மீர்தால்ஸ்யோகுட்ல் பனியாற்றிலிருந்தும் (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பு), மற்றவை எய்யாஃபியாட்லாயோகுட்ல் பக்கமிருந்தும் வருகின்றன. 2010 ஏப்ரலில் வெடித்து ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்தியதே, அந்த எரிமலைதான் இரண்டாவதாகச் சொன்னது. பகலில் வெயில் பனியை உருக்க, அந்தத் தண்ணீர் சில மணி நேரம் கழித்துக் கீழே வந்து சேரும். ஆகவே விடியற்காலை முதல் முற்பகல் வரை ஆறு மிகக் குறைவாகவும், பிற்பகல் கடைசியிலிருந்து இரவு தொடக்கம் வரை மிக அதிகமாகவும் ஓடும். காலை எட்டு மணிக்கு முழங்கால் நனைத்த துறை (ஆற்றைக் கடக்கும் இடம்), மாலை ஆறு மணிக்கு இடுப்பைத் தொடலாம். நம் ஊர் ஆறுகளைப் பார்த்துப் பழகியவருக்கு இது விளங்குவது கடினம். மேகமே இல்லாத நல்ல வெயில் நாள்தான் அங்கே ஆபத்தான நாள்களில் ஒன்று. வெயிலோடு மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதிலிருந்து வரும் கணக்கு ஒன்றுதான்: போகும்போது எப்படித் தாண்டுவது என்பதோடு, திரும்பும்போது எத்தனை மணிக்குத் தாண்டுவோம் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். காலையில் போய் நடைபயணம் முடித்து மாலையில் திரும்பும் திட்டம் நம் சுற்றுலாக்காரர்களுக்கு இயல்பாக வரும் திட்டம். இந்தப் பாதைக்கு அது நேர் எதிரான திட்டம். ஒன்று, முற்பகலிலேயே திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் இரவு அங்கே குடிலிலோ கூடாரத்திலோ தங்கி மறுநாள் காலையில் வர வேண்டும்.

தண்ணீரின் நிறம் சிமெண்ட் கரைத்ததுபோல் இருக்கும். பனியாறு பாறையை அரைத்த மாவு அது. ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. அதோடு ஆறு ஒரே வாய்க்காலில் ஓடுவதில்லை. சரளைப் படுகையில் பின்னல் சடைபோலப் பல கிளைகளாகப் பிரிந்து கூடி ஓடும், ஒரே இரவில் கிளை இடம் மாறும். அதனால் கைபேசி வரைபடத்தில் இருக்கும் கோடு, போன வாரம் யாரோ பதிவேற்றிய தடம், இரண்டையும் நம்பி இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். படுகையே மாறுவதற்கும் சான்று உண்டு. 1967 ஜனவரியில் ஸ்டெய்ன்ஹோல்ட்ஸ் பனியாற்றின் மேல் சுமார் ஒன்றரைக் கோடி கன மீட்டர் பாறை சரிந்து விழ, கீழே இருந்த ஏரி பொங்கிப் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளமாகப் பாய்ந்தது. லாரி அளவுப் பாறைகளை அன்று உருட்டிக்கொண்டு வந்த ஆற்றைத்தான் இன்று சுற்றுலா வண்டிகள் தாண்டுகின்றன. கீக்யோகுட்லின் முன்னால் இருந்த ஏரியை 2010 வெடிப்பின் வெள்ளம் வண்டலால் நிரப்பியே விட்டது. பழைய வழிகாட்டி நூலில் ஏரியின் படம் இருக்கும். நேரில் போனால் சரளை மேடுதான்.

துறை தேர்ந்தெடுப்பது எப்படி? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். இங்கே ஆழம் தெரிந்துகொள்ளக் காலைத்தான் விட வேண்டும், டயரை அல்ல. அதற்கு முன் கரையிலிருந்தே பாதி தெரிந்துவிடும். ஆறு அகன்று, மேற்பரப்பு சின்னச் சின்ன அலையாகச் சலசலத்தால் அங்கே ஆழம் குறைவு. குறுகி, வழவழப்பாக, கருத்து ஓசையில்லாமல் ஓடினால் அங்கே மடு. ஒரே இடத்தில் நின்று கொப்பளிக்கும் அலைக்குக் கீழே பெரிய பாறை இருக்கும். இரு கரையிலும் டயர்த் தடம் இருக்கிறதா, இறங்கிய தடம் ஏறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தடத்தைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். ஐஸ்லாந்துக்காரர்கள் 38 முதல் 44 அங்குல டயர் மாட்டிய மாற்றியமைத்த ஜீப்புகளில் வருவார்கள். பள்ளத்தாக்குப் பேருந்துகளின் சக்கரமும் மிகப் பெரியது. தடத்தின் அகலம் உங்கள் டயரைப் போல் ஒன்றரை மடங்கு இருந்தால், அது உங்களுக்கான அழைப்பு இல்லை.

பிறகு நடந்து பார்ப்பது. தண்ணீர் 0 டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கும். நீர்புகா முழுக்கால்சட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றால் செருப்பு வேண்டாம், ஷூவோடு இறங்குங்கள். தடி ஒன்று கையில். முகம் நீர் வரும் பக்கம் பார்த்து, பக்கவாட்டில் காலைத் தேய்த்து நகர்த்த வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தவறி விழுந்தால் கரையில் இருப்பவர் இழுக்க இழுக்க, நீரோட்டம் ஆளைக் கயிற்றோடு அடியில் அமுக்கிவிடும், கட்டக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஏறினாலோ, நிற்க முடியாமல் தடுமாறினாலோ வெளியே வந்துவிடுங்கள். நடக்க முடியாத இடத்தில் ஓட்டாதே என்பதுதான் அங்குள்ளவர்களின் அளவுகோல். ஆற்றுக்குள்ளிருந்து 'டொக்… டொக்…' என்று அடிவயிற்றில் கேட்கும் சத்தம் வந்தால், படுகைக் கற்கள் உருண்டுகொண்டிருக்கின்றன என்று பொருள். அன்றைக்கு நடந்தும் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற சந்தேகம் இருந்தால் நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடியுங்கள். கல் நனைந்து மூழ்கினால் திரும்பும் வழி.

வண்டியைத் தயார் செய்வது பத்து நிமிட வேலை. பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து குழாயைத் தொடர்ந்து போய் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து டேப்பால் அளந்து, அலைக்காக 15 செ.மீ. கழியுங்கள். தயாரிப்பாளரின் எண், இந்த எண் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. ஸ்நார்கல் (காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) மாட்டியிருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அதன் இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்காத வரை அது அலங்காரம்தான். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதி இருக்கிறதே, அதை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்; ஆற்று நடுவில் அது தன் வேலையைக் காட்டினால் கதை முடிந்தது. தானாகப் பிரேக் போடும் சென்சாரையும் அப்படியே. ஏசியை அணைத்தால் ரேடியேட்டர் விசிறி தேவையில்லாமல் ஓடாது. எஞ்சின் பெல்ட்டில் ஓடும் விசிறி தண்ணீரில் அடிபட்டால் அதன் இறக்கைகள் முன்னால் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும் என்பது பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இழுவைக் கயிற்றை ஆற்றில் இறங்கும் முன்பே கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பானெட்டின் மேலோ பின் கண்ணாடிப் பக்கமோ சுற்றிக் கட்டி வையுங்கள். பனித்தண்ணீரில் முங்கிக் கொக்கி தேட யாருக்கும் கை வராது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றை மாட்டி வெட்டி இழுக்க வேண்டாம். அது உடைந்து குண்டுபோலப் பறந்து ஆளைக் கொன்றிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கழற்றுவதும், கண்ணாடிகளை இறக்குவதும், பூட்டுகளைத் திறந்து வைப்பதும் இந்த ஒரு இடத்தில் மட்டும் சரியான செயல். எஞ்சினும் ஆக்சிலும் சூடாக இருந்தால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் திடீரென இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஆறு தாண்டும் வண்டிகளில் ஆக்சில் காற்று வாங்கும் பிரீதர் குழாயை மேலே எஞ்சின் அறை வரை நீட்டியிருப்பார்கள்.

இறங்குவது இப்படி. லோ ரேஞ்ச், முதல் அல்லது இரண்டாம் கியர். தண்ணீருக்குள் நடக்கும் வேகத்தில் நுழைந்து, முன்னால் ஒரு மெல்லிய அலை எழுந்ததும் அந்த அலையை முந்தாமலும் பின்தங்காமலும் ஒரே சீராக, மணிக்கு 5, 6 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். அந்த அலைக்குப் பின்னால், எஞ்சின் இருக்கும் இடத்தில், நீர்மட்டம் சற்றே தாழ்ந்திருக்கும். அலை உங்கள் கேடயம். படத்தில் இருப்பதுபோல் பாய்ந்தால் அந்தக் கேடயத்தை நீங்களே உடைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறீர்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள், கிளட்சை மிதிக்காதீர்கள்; தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் போனால் வழுக்கும். திசை, நீரோட்டத்தோடு சாய்வாகக் கீழ்நோக்கி. எதிர்த்து ஏறினால் தண்ணீரின் வேகமும் உங்கள் வேகமும் கூடி முகப்பில் மோதும். சாய்ந்து இறங்கினால் கழியும். கண் எதிர்க்கரையில் ஏறும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் வண்டி நகர்வதாகத் தலை சுற்றி ஸ்டியரிங்கை மாற்றித் திருப்பிவிடுவீர்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். வலது சக்கரம் எங்கே ஓடுகிறது என்ற கணக்கு நம்மவர்களுக்கு முதல் இரண்டு நாள் பிடிபடாது. ஒரு வண்டி முழுவதும் கரையேறிய பிறகே அடுத்தது இறங்க வேண்டும்.

நின்றுவிட்டால்? எஞ்சின் தானாக அணைந்திருந்தால் சாவியைத் திரும்பத் திருப்பக் கூடாது. இதுவரை தண்ணீர் உள்ளே போகாமல் தப்பியிருந்த எஞ்சினையும், ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு விநாடிதான் முடித்துவிடும். மேலும் போனால் ஆபத்து என்று தெரிந்தால், எஞ்சின் ஓடும்போதே வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஒன்றும் முடியாதபோது சன்னல் வழியாகக் கூரைமேல் ஏறி 112ஐ அழையுங்கள். நீந்திக் கரை சேரலாம் என்று குதிக்காதீர்கள். அந்தக் குளிரில் கை கால் சில நிமிடத்தில் வேலை செய்யாது. உங்களை மீட்க வருபவர்கள் பெரும்பாலும் லாண்ட்ஸ்பியோர்க் என்ற மீட்புச் சங்கத்தின் தன்னார்வத் தொண்டர்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

கரையேறிய பின் மெதுவாகப் பத்து இருபது முறை பிரேக்கை அழுத்தி உலர்த்துங்கள். நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு அதைப் பிடுங்கிக்கொண்டு போவது அங்கே சர்வ சாதாரணம். ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள், ஈரமென்றால் அங்கேயே நிறுத்துங்கள். டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) ஆயில் அடுத்த சில நாளில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போகும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக் காப்பீடு என்று கூடுதல் கட்டணம் கட்டிய வண்டிக்கும், ஆற்றுத் தண்ணீரால் எஞ்சினுக்கும் அடிப்பாகத்துக்கும் வரும் சேதம் பொதுவாகக் காப்பீட்டில் வராது. ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும். எஃப் சாலைகளுக்கு அனுமதி தரும் நிறுவனங்களிலும், எஃப் 249இல் க்ரோஸ்ஸாவைத் தாண்டக் கூடாது என்று தனியாக எழுதியிருப்பவை உண்டு. எஞ்சினும் போய், மீட்டு இழுத்து வந்த செலவும் சேர்ந்தால், முழுப் பயணத்துக்கும் ஆன செலவை அது தாண்டிவிடும். துறை ஆழமாக இருக்கிறதே என்று பாதையை விட்டு விலகி, பாசி படர்ந்த மேட்டில் ஏறி வேறு இடம் தேடுவதும் கூடாது. பாதைக்கு வெளியே ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம், அபராதம் கடுமை. அந்தப் பாசி திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பாதை திறந்திருக்கிறதா என்பதைச் சாலைத் துறையின் 1777 எண்ணில் ஆங்கிலத்திலேயே கேட்கலாம். பலகைகளில் உள்ள சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது: 'வாத்' என்றால் துறை, 'ஓஃபைர்ட்' என்றால் போக முடியாது, 'லோக்காத்' என்றால் மூடப்பட்டது. அன்றைய துறை எங்கே என்பதை அறிந்தவர்கள் குடில் காவலர்களும் பேருந்து ஓட்டுநர்களும்தான். அவர்களிடம் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பேருந்து எந்த இடத்தில் இறங்கி எங்கே ஏறுகிறது, தண்ணீர் அதன் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது என்று நின்று பார்ப்பதே பாதிப் பாடம்.

இன்னும் எளிய வழியும் இருக்கிறது, கட்டுரை அதைச் சொல்லவே இல்லை. கோடையில் ரெய்க்யவிக்கிலிருந்து உயரச் சக்கரம் கொண்ட பேருந்துகள் பள்ளத்தாக்குக்குப் போகின்றன; செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் நிறுத்தத்திலும் ஏறிக்கொள்ளலாம். வாடகைக் காரை அருவிக்கருகே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு அதில் போகலாம். வண்டியோடுதான் போக வேண்டும் என்பவர்கள் தென்கரையோடு நிறுத்திக்கொண்டால், க்ரோஸ்ஸாவின் மேல் நடந்து போவதற்குப் போட்டிருக்கும் பாலத்தில் லவுங்கிதாலுருக்குப் போய் வரலாம். க்வன்னாவும் பயமுறுத்தினால் அதற்கு முன்பே ஸ்டாக்ஹோல்ட்ஸ்கியாவ் பிளவு இருக்கிறது. பாசி வழியும் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ளே நடந்து போகும் அந்த இடம், எங்கள் கணிப்பில், ஆற்றுக்கு அப்பால் இருப்பவற்றுக்குச் சற்றும் குறைந்ததில்லை.

கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது 'எந்த ஃபோர் பை ஃபோர் வண்டியும் போதும்' என்ற வரியை எடுத்துவிட்டு, 112, 1777 ஆகிய இரண்டு எண்களையும் காலை நேரத்தில் மட்டுமே ஆறு தாண்ட வேண்டும் என்ற குறிப்பையும் ஒரு கட்டத்துக்குள் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். படத்தையும் மாற்றுங்கள். சரியாக ஆறு தாண்டும் வண்டியின் படத்தில் தெறிப்பே இருக்காது. அச்சில் பார்க்கக் கொஞ்சம் மந்தமாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மலைப்பாதை வாகன ஓட்டிகள் சிலர்,
கோயம்புத்தூர்.